ஐப்பசி மழையில் கோத்தகிரி ஏற்றம், குன்னூர் இறக்கம்: சைக்கிள்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவையிலிருந்து விடியுமுன் கிளம்பி, கோத்தகிரி வழியாக ஊட்டி ஏறி, குன்னூர் வழியாக இறங்கி, அன்றைக்கே வீடு திரும்புவது இந்தப் பக்கத்துச் சைக்கிள்காரர்களின் நெடுநாள் ஆசை. வெயில் காலத்திலேயே இது லேசான நாள் இல்லை. வடகிழக்குப் பருவமழையில் எல்லாக் கணக்கும் மாறிவிடும். மழை தொடங்கியதும் வந்து குவிகிற கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதிவைக்கிறேன்.

பாதையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 37 கி.மீ., சமதளம். பவானி ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் சாலை பிரிகிறது. நேரே போனால் கல்லாறு, பர்லியாறு, குன்னூர். வலப்பக்கம் கோத்தகிரி. வலப்பக்கம் திரும்பி, குஞ்சப்பனை, அரவேணு வழியாக 33 கி.மீ. ஏறினால் கோத்தகிரி வந்துவிடும். அங்கிருந்து கட்டபெட்டு, தொட்டபெட்டா சந்திப்பு வழியாக ஊட்டிக்குச் சுமார் 30 கி.மீ. பிறகு குன்னூருக்கு 18, குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 34, மறுபடி கோவை. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 190 கி.மீ. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர். நடுவே இறங்கி ஏறுகிற இடங்களையும் கூட்டினால், ஒரே நாளில் 2,000 மீட்டருக்கு மேல் ஏறியிருப்பீர்கள்.

ஆடி மழை ஓய்ந்துவிட்டதே, ஐப்பசியில் என்ன பயம்?

பலரும் ஏமாறுகிற இடம் இது. நீலகிரிக்கு இரண்டு மழைக்காலம் உண்டு; இரண்டும் ஒரே பக்கத்தில் பெய்வதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவை, அதாவது கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பகுதிகளைப் புரட்டி எடுக்கும். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மி.மீ. பதிவானது அந்த மழையில்தான். அந்த மாதங்களில் கோத்தகிரிப் பக்கம் சாரலோடு தப்பித்துவிடுவதும் உண்டு.

நாம் சுற்றப்போவது கிழக்குச் சரிவு. இதற்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெருமழை. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. கொட்டியது. அந்த நாட்களின் மண்சரிவுகளில் நீலகிரி மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கேத்தி எங்கோ காட்டுக்குள் இருக்கிற ஊர் இல்லை. ஊட்டியிலிருந்து குன்னூருக்கு இறங்கும் வழியிலேயே இருக்கிறது.

அப்படியானால் போகவே வேண்டாம் என்கிறீர்களா?

முதல் முறை போகிறவர் தை, மாசியில் போகட்டும். சாலை காய்ந்திருக்கும், விடியற்காலை உறைபனியைத் தவிர வேறு தொல்லை இருக்காது. ஆனால் பாறைதோறும் தண்ணீர் வழிந்துகொண்டிருக்க, மேகம் தேயிலைத் தோட்டத்துக்குள் புகுந்து வெளியே வருவதைப் பார்க்க வேண்டும் என்றால் ஐப்பசியில்தான் முடியும். அதைக் கேள்விப்பட்டவர் யார் சொல்லியும் நிற்கப்போவதில்லை. எந்த நாளில் போகக் கூடாது என்பதையாவது அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

வானிலை ஆய்வு மையம் கனமழை என்று சொன்னால் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை என்று பொருள். மிகக் கனமழை 204.4 மி.மீ. வரை. அதற்கு மேலே போனால் அதிகனமழை. மஞ்சள் எச்சரிக்கை இருக்கும் நாளில், மலைப்பாதை பழகியவர்கள் யோசித்துப் போகலாம். ஆரஞ்சு என்றால் சைக்கிளைத் துடைத்து உள்ளே வைத்துவிடுங்கள். சிவப்பைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

இன்னொரு கைகண்ட அடையாளம் மலை ரயில். கல்லாறு முதல் குன்னூர் வரை அது பல்சக்கரத்தைப் பிடித்து ஏறுவதும் நீங்கள் இறங்கப்போவதும் ஒரே மலைச்சரிவில்தான். தண்டவாளத்தில் பாறை விழுந்து ரயில் ரத்து என்று காலைச் செய்தியில் வந்தால், சாலை திறந்திருக்கிறது என்று யார் சொன்னாலும் நான் கிளம்ப மாட்டேன்.

நான் பெரிய வீரன் இல்லை. வாரத்தில் மூன்று நாள் ஓட்டுகிறேன். கோத்தகிரி ஏற்றம் தாங்குமா?

தாங்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீங்கள் 75 கிலோ, சைக்கிளும் மூட்டையும் 15 கிலோ. இந்த 90 கிலோவைச் சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏறத்தாழ 13 லட்சம் ஜூல் வேலை ஆகிறது. ஒழுங்காக ஓட்டிப் பழகிய ஒருவர் மூச்சு வாங்காமல் 130 வாட் அளவில் தொடர்ந்து மிதிக்க முடியும். வகுத்தால் 10,000 விநாடி. டயர் உராய்வையும் காற்றையும் சேர்த்துக்கொண்டால் மூன்றேகால் மணி நேரம். வேகம் மணிக்குப் பத்து கி.மீ.தான் இருக்கும், அதற்காக வெட்கப்பட வேண்டாம். கோத்தகிரி சாலையின் நல்ல குணம் அதன் சீரான ஏற்றம். சராசரியாக நூறு மீட்டருக்கு நாலரை மீட்டர். கடைசிவரை பெரும்பாலும் அதே அளவு.

முதல் ஒரு மணி நேரம் பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஏற முடிந்தால் சரியான வேகத்தில் போகிறீர்கள். ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிறீர்கள் என்றால் குஞ்சப்பனைக்கு மேலே அதற்கான விலையைக் கொடுப்பீர்கள்.

மழையைப் பொறுத்தவரை, ஏறும்போது அது உங்கள் எதிரியே இல்லை. உடம்புச் சூட்டைத் தணித்து உதவிகூடச் செய்யும். மே மாத வெயிலில் இதே ஏற்றத்தில் தலைசுற்றி உட்கார்ந்தவர்கள் மழையில் சிரித்துக்கொண்டே ஏறுவதைப் பார்க்கலாம். எல்லோரும் ஏற்றத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். மழைநாளில் பயப்பட வேண்டியது இறக்கத்துக்கு. மேலே போவதற்குள் கையிருப்பை எல்லாம் செலவழித்துவிடாமல், காய்ந்த துணி, சாப்பாடு, பகல் வெளிச்சம், விரல்களில் தெம்பு ஆகியவற்றைக் குன்னூருக்குக் கீழே உள்ள சாலைக்காக மிச்சம் வைத்திருக்க வேண்டும். கீழே வருகிற பதில்களில் பாதி இதைச் சுற்றியே இருக்கும்.

கியர் எவ்வளவு வேண்டும்?

முன்னால் 34 பல், பின்னால் 32 அல்லது 34 இருந்தால் நிம்மதி. முன்னும் பின்னும் 34 என்றால் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலே மணிக்கு ஏழரை கி.மீ. நகரும். பின்னால் 28தான் பெரியது என்றால் அதே மிதிப்புக்கு ஒன்பது கி.மீ. போயாக வேண்டும், போக முடியாதபோது எழுந்து நின்று மிதிப்பீர்கள். ஈரச் சாலையில் எழுந்து மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும். மலை சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்கள் குண்டு டயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

எத்தனை மணிக்குக் கிளம்புவது?

கோவையில் நான்கு மணிக்கு. மேட்டுப்பாளையம் ஆறு மணிக்குள், கோத்தகிரி ஒன்பதரை, ஊட்டி ஒரு மணி, குன்னூர் இரண்டரை, மேட்டுப்பாளையம் நாலரை. நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மேகம் கவிந்த மலையில் ஐந்து மணிக்கே இருட்டு வந்து நிற்கும். அக்டோபரில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் தொடங்கும் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கட்டபெட்டுவை முடிவெடுக்கும் இடமாக வைத்துக்கொள்வது நல்லது. அங்கே பதினொரு மணிக்குள் வந்து சேரவில்லை என்றாலோ, மழை வலுத்துவிட்டது என்றாலோ, ஊட்டியை விட்டுவிட்டு வண்டிச்சோலை வழியாக நேரே குன்னூருக்குத் திரும்புங்கள். மலைக்கு மேல் ஒரு பெரிய சுற்று மிச்சமாகும். ஊட்டிவரை போகாமல் திரும்பினால் ஊருக்குள் கேலி பேசுவார்கள்தான். பேசுகிறவர்கள் யாரும் அன்று உங்களோடு நனைந்தவர்கள் இல்லை.

மழைக்கோட்டு எதை வாங்கலாம்?

ஸ்கூட்டருக்குப் போடுகிற கனத்த மழைக்கோட்டை எடுத்து வராதீர்கள். அரை மணி ஏறினால் உள்ளே வியர்வை ஊறி, மழையில் நனைந்தவரைவிட மோசமாக நனைந்திருப்பீர்கள். தலைவழியாக மாட்டும் அகலமான போர்வைக் கோட்டு காற்றில் பாய்மரமாக விரிந்து சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளும். அதுவும் வேண்டாம்.

ஏறும்போது மெல்லிய பாலியெஸ்டர் சட்டை போதும். நனையட்டும். பருத்தி பனியன் மட்டும் கூடாது, குடித்த தண்ணீரை அது விடாது. காற்றைத் தடுக்கும் இலேசான ஜாக்கெட்டை மடித்துப் பையில் வைத்திருங்கள். அதைப் போடவேண்டிய இடம் உச்சியில், இறங்கத் தொடங்குமுன். காய்ந்த பனியன், கையுறை, காலுறை ஒரு ஜோடி ஆகியவை தண்ணீர் புகாத பையில் இருக்க வேண்டும். நீலகிரியில் மெல்லிய பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால், பத்து பையில் சுற்றிக் கொண்டுவருகிற பழைய வித்தை சோதனைச்சாவடியில் செல்லாது. தண்ணீர் புகாத நல்ல பை ஒன்றை வாங்கிவிடுங்கள்.

பின்சக்கரத்துக்கு மட்கார்டு அவசியம். உங்களுக்காக இல்லாவிட்டாலும், பின்னால் வருபவரின் முகத்துக்காக.

குளிர் அவ்வளவு இருக்குமா? தமிழ்நாட்டில்தானே இருக்கிறோம்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு, ஆறரை டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்தில் 26 டிகிரி என்றால் ஊட்டியில் 13, 14 டிகிரிதான். ஏறும்போது உடம்பு தானே அடுப்பு மாதிரி எரிவதால் தெரியாது. தொட்டபெட்டா சந்திப்பைத் தாண்டி மிதிப்பதை நிறுத்தியதும், ஈரத்துணியோடு மணிக்கு 30 கி.மீ. காற்று நெஞ்சில் அடிக்கும். பத்து நிமிடத்தில் பல் கிட்டும்.

ஊட்டியில் நிற்கும்போது செய்ய வேண்டிய முதல் வேலை சட்டை மாற்றுவது. டீ அப்புறம். ஈரத்துணியோடு இருபது நிமிடம் உட்கார்ந்து டீயும் வர்க்கியும் சாப்பிட்டுவிட்டு எழுந்தால் உடம்பு நடுங்கத் தொடங்கியிருக்கும். புறப்படுமுன் கடைக்காரரிடம் பழைய தினத்தந்தி ஒன்று கேட்டு வாங்குங்கள். இரண்டு தாளை நான்காக மடித்து, பனியனுக்கும் சட்டைக்கும் நடுவே நெஞ்சில் வைத்து, மேலே ஜாக்கெட்டை இழுத்து மூடுங்கள். ஐரோப்பிய மலைப் பந்தயங்களில் உச்சியில் நிற்கும் ரசிகர்களிடம் செய்தித்தாள் வாங்கி வீரர்கள் இதையே செய்வது வழக்கம். குன்னூர் வருவதற்குள் தாள் கூழாகிவிடும். அதற்குள் அதன் வேலை முடிந்திருக்கும்.

நடுக்கம் நிற்காமல் தொடர்ந்தால், பேச்சு குழறினால், சட்டைப் பொத்தானைப் போட விரல் வளையவில்லை என்றால் அதற்கு மேல் ஓட்டக் கூடாது. கூட வருபவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்வதை நம்பாதீர்கள். குளிர் முற்றியவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். கடைக்குள் கூட்டிப்போய், ஈரத்துணியைக் கழற்றி, கம்பளி போர்த்தி, சர்க்கரை போட்ட சூடான பானம் கொடுங்கள். சாராயம் உதவாது, தோலுக்கு ரத்தத்தை இழுத்து, உள்ளே இருக்கிற சூட்டையும் வெளியேற்றிவிடும்.

என்ன சாப்பிடுவது?

நிறைய. கோத்தகிரி ஏற்றத்துக்கு மட்டும் 1,400 கலோரி அளவில் செலவாகும், ஏனென்றால் தசை எரிக்கிற சக்தியில் கால்பங்குகூடச் சக்கரத்துக்குப் போய்ச் சேருவதில்லை. உடம்பில் சேமித்த மாவுச்சத்து ஏறத்தாழ 2,000 கலோரி. மேட்டுப்பாளையத்தில் இட்லி சாப்பிட்டோமே என்று ஊட்டிவரை வாயைத் திறக்காமல் போனால் தொட்டபெட்டாவுக்கு முன்பே கால் ஓய்ந்துவிடும்.

மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்பது நல்ல அளவு. ஒரு வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கிறது. இரண்டு பழமும் ஒரு சர்க்கரை டீயும் ஒரு மணி நேரத்துக்கு ஆகும். கடலைமிட்டாய், பேரீச்சம்பழம், ரவாலட்டு எல்லாம் உகந்தவை. மழைநாளில் சிக்கல் வேறு: கை விறைத்துப்போய், பல்லால் கடித்தும் பொட்டலம் பிரியாது, சலித்துப்போய் சாப்பிடாமலே விட்டுவிடுவீர்கள். வீட்டிலேயே பிரித்து, ஹேண்டிலில் கட்டிய சின்னப் பையில் கைக்கு எட்டும்படி போட்டுவைத்துவிடுங்கள். தாகம் தெரியாவிட்டாலும் தண்ணீர் குடிக்க வேண்டும். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் விற்பதில்லை. சாலையோரத் தண்ணீர் ஏ.டி.எம்.களில் உங்கள் குப்பியை நிரப்பிக்கொள்ளலாம். அதற்குச் சில்லறை நாணயம் எடுத்துப் போங்கள்.

ஈரத்தில் பிரேக் பிடிக்காதாமே, உண்மையா?

பிடிக்கும், தாமதமாக. ரிம்மைக் கவ்வும் சாதாரண பிரேக்கில், லிவரை இழுத்தவுடன் ஒன்றும் நடக்காது. பிரேக் கட்டை முதலில் ரிம்மில் ஒட்டியிருக்கிற தண்ணீரை வழித்தெடுக்க வேண்டும். ஒன்றிரண்டு சுற்றுக்குப் பிறகு கரகரவென்று சத்தம் கேட்கும், அப்போதுதான் பிடி விழும். காய்ந்த சாலையில் 30 கி.மீ. வேகத்திலிருந்து ஏழெட்டு மீட்டரில் நிற்கிற சைக்கிளுக்கு இப்போது இருபது மீட்டர் போதாது. அந்தக் கரகரப்பு சாலையிலிருந்து தெறித்த மணலின் சத்தம். அது ரிம்மையும் கட்டையையும் சேர்த்து அரைத்து, கருப்புக் குழம்பாக்கி உங்கள் கணுக்காலில் பூசிவிடும். புதுக் கட்டை போட்டுக் கிளம்பியவர், கீழே வந்து பார்க்கும்போது பள்ளக்கோடுகள் தேய்ந்து மறைந்திருப்பது சாதாரணம்.

எனவே குன்னூரிலிருந்து கிளம்புமுன் சைக்கிளைவிட்டு இறங்கி நின்று, இரண்டு லிவரையும் முழுக்க இழுத்துப் பாருங்கள். ஹேண்டிலைத் தொடுகிற அளவுக்கு வந்தால், பிரேக் கேபிள் முனையில் இருக்கும் திருகை இடப்பக்கமாக இரண்டு சுற்றுத் திருப்பினால் இறுகும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. அரை நிமிட வேலை.

இறங்கும்போது வளைவுக்கு வெகு முன்பே கட்டையை லேசாக ரிம்மில் உரசவிட்டுத் தண்ணீரைத் துடைத்துக்கொள்ளுங்கள். வேகத்தை நேர்ச்சாலையில் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் திரும்புங்கள். சாய்ந்த நிலையில் முன்பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரம் வழுக்கும். முன்சக்கரம் வழுக்கிய பிறகு சமாளிக்க நேரம் கிடைக்காது. வெளிப்பக்கக் கால் கீழே, உடம்பின் பாரம் அந்த மிதியின் மேல். பார்வை வளைவு முடிகிற இடத்தில்.

சக்கர நடுவில் உள்ள தட்டைக் கவ்வும் டிஸ்க் பிரேக் என்றால் இந்தத் தாமதம் வெகு குறைவு. மழைமலைக்கென்றே புதிய சைக்கிள் வாங்குகிறவர் யோசிக்காமல் டிஸ்க் வாங்கலாம். ஆனால் அதிலும் மென்மையான பிசின் கட்டை ஈரமணலில் சீக்கிரம் கரையும். உலோகக் கட்டை கூச்சல் போடும், நீடிக்கும்.

டயர் 28 மி.மீ. அகலத்துக்குக் குறையாமல், 32 இருந்தால் இன்னும் நல்லது. வழக்கமான காற்றில் ஐந்து முதல் பத்து பி.எஸ்.ஐ. (பம்ப் காட்டும் காற்றழுத்த அளவு) குறைத்துக்கொள்ளுங்கள். சாலையில் எதெல்லாம் வழுக்கும் என்றால், வெள்ளைக்கோடு, இரும்புச் சட்டம், யூகலிப்டஸ் இலைக்குவியல், எல்லாவற்றுக்கும் மேலாக டீசல். கொண்டை ஊசி வளைவில் லாரிகள் சாயும்போது சிந்துகிற டீசல் ஈரத்தில் வானவில் நிறத்தில் மின்னும். பார்க்க அழகாக இருக்கும், அதன் மேல் ஏறிவிடாதீர்கள்.

கடைசியாக விரல்கள். குன்னூர் முதல் கல்லாறு வரை ஒன்றரை மணி நேரம் கைகள் லிவரைப் பிடித்துக்கொண்டே இருக்கும். விறைத்த விரலுக்கு எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. காட்டேரியில் ஒரு முறை, பர்லியாறில் ஒரு முறை நின்று கையை உதறிக்கொள்வது நேர விரயம் இல்லை.

பஸ்ஸும் லாரியும் இடிக்கும்போல வருகின்றன. என்ன செய்வது?

குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். நீண்ட வண்டி அதில் திரும்ப முழுச் சாலையும் வேண்டும். ஓட்டுநர் நினைத்தாலும் உங்களுக்கு இடம்விட முடியாது. எதிரே பஸ் ஏறிவருவது தெரிந்தால் வளைவுக்கு மேலேயே ஓரமாக நின்றுவிடுங்கள். மலைப்பாதையில் ஏறிவரும் வண்டிக்கே முன்னுரிமை. மற்ற நேரத்தில் ஓரத்துச் சேற்றில் ஒட்டிக்கொண்டு போகாமல், இடப்பக்கச் சக்கரத்தடத்தில் தெளிவாக ஓட்டுங்கள். பின்னால் லாரி வந்தால் அகலமான இடம் பார்த்து நின்று வழிவிடுங்கள். ஓட்டுநர்கள் கையசைத்துவிட்டுப் போவார்கள். இந்தச் சாலையில் கடுமை காட்டுகிறவர்கள் பெரும்பாலும் சுற்றுலாக் கார்க்காரர்கள்தான். பஸ் ஓட்டுநர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

முன்னும் பின்னும் விளக்கு எரியட்டும், பகலிலும்.

யானை, காட்டெருமை?

இரண்டும் உண்டு. குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழக் காலத்தில் யானை நடமாட்டம் அதிகம். கல்லாறு, பர்லியாறு காட்டுப் பகுதியில் எப்போதும் எதிர்பார்க்கலாம். எதிரே வண்டிகள் வரிசையாக நின்றிருந்தால் சந்து புகுந்து முன்னே போகாமல் அவற்றுக்குப் பின்னாலேயே நில்லுங்கள். சைக்கிளுக்குச் சத்தம் இல்லை என்பதால் யானை உங்களைத் திடீரென்றுதான் பார்க்கும். அது அதற்குப் பிடிக்காது.

கோத்தகிரி, குன்னூர் தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமை சாலையோரம் மேய்வது அன்றாடக் காட்சி. பனிமூட்டத்தில் கரும்பாறை என்று நினைத்து நெருங்கினால் பாறை தலையைத் தூக்கும். ஒன்று சாலையைக் கடந்தால் இன்னொன்று பின்னால் வருகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மண்சரிவை முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

ஓரளவு. மலைச்சுவரிலிருந்து தெளிவாக வழிந்த தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாக மாறுவது, சின்னக் கற்கள் உருண்டு வருவது, மரங்கள் சாலைப்பக்கம் புதிதாகச் சாய்ந்து நிற்பது ஆகியவை கெட்ட அறிகுறிகள். வெட்டிய மண்சுவருக்கு அடியில் ஒதுங்கவே கூடாது. மழைக்கு ஒதுங்க இடம் தேடுகிறவர்கள் அங்கேதான் போய் நிற்கிறார்கள். இடி இடித்தால் தனிமரத்தடியும் ஆகாது. கடை, பயணியர் நிழற்குடை, வீட்டுத் திண்ணை என்று ஏதாவது ஒரு கட்டடம் வேண்டும். சாலை அடைபட்டால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, காயம் என்றால் 108.

பஞ்சர்?

மழையில் அதிகம் வரும். ஈர ரப்பரில் கண்ணாடித்துண்டு வழுக்கிக்கொண்டு இறங்கும். சாலையில் ஒட்டுப்போட உட்காராதீர்கள், ஈரத்தில் பசை ஒட்டாது. மாற்று டியூப் இரண்டு வைத்திருந்து மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். மாற்றும்முன் டயரின் உட்புறத்தை விரலால் தடவி, குத்தியது எது என்று கண்டுபிடித்து எடுங்கள். இல்லாவிட்டால் அதே முள் அடுத்த டியூபையும் தின்னும்.

பாதியில் முடியாமல் போனால் எப்படித் திரும்புவது?

கோத்தகிரியிலிருந்தும் ஊட்டியிலிருந்தும் காரட்டும் உருளைக்கிழங்கும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு நாள்தோறும் இறங்குகின்றன. காய்கறி ஏற்றும் பிக்அப் ஓட்டுநர்களிடம் பேசினால் மூட்டைக்கு மேல் சைக்கிளைக் கட்டிக்கொள்வார்கள். முன்சீட்டில் இடமும் கிடைக்கும். கொடுக்கிற தொகையை ஏறுமுன் பேசிவிடுங்கள். பஸ்ஸில் சைக்கிளை ஏற்றுவது நடத்துநரின் மனசைப் பொறுத்தது, கூட்ட நேரத்தில் கேட்பது நியாயமும் இல்லை.

தனியாகப் போகலாமா?

மழைநாளில் வேண்டாம். குளிர் முற்றுவதைத் தன்னிடம் தானே கண்டுபிடிக்க முடியாது. குறைந்தது ஒருவர் வேண்டும், அவரும் உங்கள் வேகத்தில் ஓட்டுபவராக இருக்க வேண்டும்.

200 கி.மீ. பிரெவே ஓட்ட இது நல்ல பயிற்சியா?

நல்ல பயிற்சிதான். பிரெவே என்பது பந்தயம் இல்லை. குறித்த நேரத்துக்குள் குறித்த தூரத்தைப் பிறர் உதவியின்றி முடிக்கும் பயணம். 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம், 300க்கு 20 மணி, 400க்கு 27, 600க்கு 40. மேலே சொன்ன நேர அட்டவணையில் நம் சுற்று பதினான்கரை மணி நேரத்தில் முடிகிறது. இத்தனை ஏற்றம் உள்ள பாதையில், மழையில் அது மோசமில்லை. ஏற்றம் குறைந்த பிரெவேயை எளிதாக முடிப்பீர்கள். ஆனால் நேரத்தை மிச்சப்படுத்தும் பழக்கத்தைக் குன்னூர் இறக்கத்தில் பழகாதீர்கள். மிச்சப்படுத்துவதாக இருந்தால் டீக்கடையில் மிச்சப்படுத்துங்கள்.

எதிர்த்திசையில், குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கினால்?

மழைக்கு அதுவே மேல் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. கோத்தகிரி இறக்கத்தில் லாரி குறைவு, சாய்வு சீரானது, விரல்களுக்குச் சிரமம் கொஞ்சம் குறையும். அதை மறுக்க முடியாது. குறை என்னவென்றால், குன்னூர் சாலையில் ஏறும்போது மணிக்கு எட்டு கி.மீ. வேகத்தில் நீங்கள் நெடுநேரம் பஸ்களுக்கு நடுவே இருப்பீர்கள். விடியற்காலை ஐந்தரைக்குள் கல்லாறைத் தாண்ட முடிந்தால் இந்தக் குறை பாதி குறையும். கோடைக் கூட்டத்தின்போது மேலே ஏறும் வண்டிகளைக் குன்னூர் சாலையிலும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி சாலையிலும் ஒருவழியாக விடுவார்கள். ஐப்பசியில் அந்தக் கட்டாயம் இல்லை. நெருக்கடியான சாலையில் ஓட்டிப் பழகிய இருவர், டிஸ்க் இல்லாத சைக்கிளில் போவதாக இருந்தால், நானும் இந்தத் திசையைத்தான் சொல்வேன்.

வீட்டுக்கு வந்ததும் சைக்கிளை என்ன செய்வது?

குளித்துச் சாப்பிட்டுவிட்டு, தூங்குமுன் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். மெதுவாக ஊற்றும் தண்ணீரில் மணலைக் கழுவி, செயினைத் துணியால் துடைத்துக் காயவிட்டு, எண்ணெய் விடுங்கள். ஒரு இரவு விட்டாலே செயின் துருப்பிடித்துவிடும். சீட் கம்பியைக் கழற்றி, சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தால் சட்டத்துக்குள் தேங்கிய தண்ணீர் கொட்டும். எவ்வளவு கொட்டுகிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். பிரேக் கட்டையில் குத்தியிருக்கும் அலுமினியத் துகள்களைக் குண்டூசியால் நெம்பி எடுங்கள். விட்டுவைத்தால் அவை ரிம்மைக் கீறிக்கொண்டே இருக்கும். ஷூவுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, இரண்டு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றினால் காலையில் காய்ந்திருக்கும். வெயிலில் வைத்தால் அடிப்பாகத்துப் பசை விட்டுப்போகும்.